துணிக்கு இருந்த சான்றிதழ் சட்டைக்கு இல்லை

ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய போட்டோவில்தான் இது தொடங்கியது. நான் தைத்து அனுப்பிய கைக்குழந்தைச் சட்டை, அதில் தொங்கும் டேக், டேக்கில் நானே அச்சடித்துப் போட்ட ஜிஓடிஎஸ் (ஆர்கானிக் துணிகளுக்கான உலகத் தரச் சான்று) முத்திரை. அந்தப் பச்சை வட்டத்துக்குள் வெள்ளைச் சட்டை இருக்குமே, அதேதான். கீழே ஒரே ஒரு வரி: “அக்கா, இதில் லைசென்ஸ் நம்பர் எங்கே?”

என்னிடம் நம்பர் இல்லை. இருந்தாக வேண்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வீட்டில் ஓர் அறையில் இரண்டு தையல் மெஷினும் ஒரு ஓவர்லாக்கும் வைத்து, பிறந்த குழந்தையிலிருந்து மூன்று வயது வரைக்கும் உடைகள் தைத்து விற்கிறேன். தொடங்கும்போதே ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தேன். குழந்தை காலர் முனையை வாயில் வைத்துச் சப்பும், அந்தத் துணி எந்தத் தண்ணீரில் எந்தச் சாயத்தில் முங்கி வந்தது என்று தெரியாமல் வாங்கக் கூடாது. அதனால் துணி வியாபாரியிடம் ஆர்கானிக் காட்டன்தான் வேண்டும், சான்றிதழோடு வேண்டும் என்று கேட்டேன். அவரும் ஒரு பி.டி.எஃப். அனுப்பினார். மேலே முத்திரை, நடுவில் அவர் கம்பெனிப் பெயர், தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தது. “இது போதுமாங்க?” என்று கேட்டதற்கு, “தாராளமா போதும் மேடம், எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க” என்றார். நான் அந்த பி.டி.எஃப்.பிலிருந்தே முத்திரையை வெட்டி எடுத்து டேக் டிசைனில் ஒட்டினேன்.

சான்றிதழ் உண்மையானதுதான், துணியும் நல்ல துணிதான். ஆனால் அந்த முத்திரையைப் போடும் உரிமை எனக்குக் கிடையாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜிஓடிஎஸ் என்பது துணிக்குத் தருகிற மதிப்பெண் மாதிரி ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு சங்கிலி. வயலில் பருத்தி ஆர்கானிக்காக விளைந்ததற்கு விவசாயத் தரப்பில் தனிச் சான்று இருக்க வேண்டும். அதன் பிறகு ஜின்னிங் (பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிப்பது), நூற்பு, பின்னல், சாயம், கட்டிங், தையல் என்று ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக ஆய்வுக்கு உட்பட்டு, வருடா வருடம் சான்று வாங்க வேண்டும். சாயப்பட்டறையில் என்ன ரசாயனம் போகிறது, கழிவுநீரைச் சுத்திகரித்து விடுகிறார்களா என்று பார்ப்பார்கள். வேலை செய்கிறவர்களின் கூலி, வேலை நேரம், குழந்தைத் தொழிலாளர் இல்லை என்பது எல்லாம்கூட அதில் உண்டு. இவ்வளவையும் தாண்டி வந்த துணி என் அறைக்குள் நுழைந்த அந்த நிமிடத்தில் சங்கிலி அறுந்துவிடுகிறது. ஏனென்றால் வெட்டித் தைக்கிற நானும் ஒரு கண்ணி, எனக்குச் சான்று இல்லை. தயாரான உடையை வாங்கி அப்படியே மக்களுக்கு விற்கும் கடைக்குத் தனிச் சான்று கேட்பதில்லை, ஆனால் தைக்கிறவருக்கு வேண்டும்.

சரி, முத்திரையை எடுத்துவிட்டு ‘ஜிஓடிஎஸ் சான்று பெற்ற துணியில் தைத்தது’ என்று எழுத்தில் மட்டும் போடலாமே, அது உண்மைதானே என்று நினைத்தேன். அதுவும் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. இது எனக்குக் கொஞ்சம் கோபமாகவே இருந்தது. சான்று வழங்கும் ஓர் அமைப்புக்கு போன் போட்டுக் கேட்டேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: “மேடம், நீங்க சாதாரணத் துணியும் தைக்கிறீங்களா?” ஆமாம் என்றேன். “ரெண்டு ரோலும் பக்கத்துல பக்கத்துல இருந்தா, மூணு மாசம் கழிச்சு எந்தச் சட்டை எந்த ரோல்ல வெட்டினதுன்னு எப்படிக் காட்டுவீங்க?”

போனைக் காதில் வைத்தபடியே அலமாரியைப் பார்த்தேன். இரண்டு வெள்ளை இன்டர்லாக் (இரட்டைப் பின்னல் துணி) ரோல்கள். கையால் தொட்டாலும் வித்தியாசம் தெரியாது. ஒன்றின் ஓரத்தில் நீலச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன், அவ்வளவுதான் என்னுடைய கணக்கு. பாதிக்கு மேல் வெட்டிய பிறகு அந்தக் கோடும் போய்விட்டிருந்தது. அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று ராத்திரியே தைத்து வைத்திருந்த உடைகள் எல்லாவற்றிலிருந்தும் டேக்கை அறுத்து எடுத்தேன். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதினேன்: துணி பற்றி எனக்குச் சொல்லப்பட்டது இது, நான் முத்திரை போட்டது தவறு, வேண்டாம் என்றால் திருப்பி அனுப்புங்கள், முழுப் பணமும் தருகிறேன். இரண்டு பேர் திருப்பி அனுப்பினார்கள். போட்டோ அனுப்பியவர் அனுப்பவில்லை, நன்றி என்று மட்டும் எழுதினார்.

அப்புறம் அந்த பி.டி.எஃப்.பை முதல்முறையாக ஒழுங்காக, கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தேன். அதன் பெயர் ஸ்கோப் சர்டிபிகேட். இந்த நிறுவனம் இந்தந்த வேலைகளை இந்தத் தரத்தின்படி செய்யத் தகுதி பெற்றது என்று மட்டும்தான் அது சொல்கிறது. இந்தச் சான்றிதழ் கையில் இருப்பதால் அவர்கள் அனுப்பும் சரக்கு சான்று பெற்றது என்று ஆகிவிடாது, அதற்கு டிரான்ஸாக்‌ஷன் சர்டிபிகேட் வேண்டும் என்ற பொருளில் அதிலேயே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. துணி வாங்குகிற யாரும் முதலில் தேடிப் படிக்க வேண்டிய வரி அதுதான்.

டிரான்ஸாக்‌ஷன் சர்டிபிகேட்டைத் தொழிலில் டி.சி. என்பார்கள். அதில் விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், பில் நம்பர், எந்தப் பொருள், எத்தனை கிலோ எல்லாம் இருக்கும். அந்த எடை முக்கியம். நூறு கிலோ ஆர்கானிக் நூல் வாங்கியவர் முந்நூறு கிலோ ஆர்கானிக் துணி விற்றால் கணக்கில் மாட்டிக்கொள்வார், அதற்காகத்தான் இந்தக் காகிதம். என் வியாபாரியிடம் டி.சி. கேட்டேன். நான்கு நாள் பதிலே இல்லை. அப்புறம், “இவ்வளவு சின்ன ஆர்டருக்கெல்லாம் டி.சி. எடுக்க மாட்டாங்க மேடம்” என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு டி.சி.க்கும் கட்டணம் உண்டு, நான் வாங்குவதோ ஒன்றிரண்டு ரோல். ஆனால் டி.சி. இல்லாத துணியை ‘சான்று பெற்றது’ என்று அவரும் விற்கக் கூடாது, நானும் அப்படிச் சொல்லி வாங்கக் கூடாது. நல்ல துணி என்று நம்பி வாங்கலாம், அது வேறு.

டி.சி.யிலேயே ஏமாற்று நடந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020ல் இந்தியாவில் போலி டி.சி.களை வைத்துச் சுமார் 20,000 டன் பருத்தி ஆர்கானிக் என்று காட்டப்பட்டதை ஜிஓடிஎஸ் அமைப்பே கண்டுபிடித்து வெளியில் சொன்னது. காகிதம் இருந்தாலும் அதைச் சரிபார்க்க வேண்டும் என்று நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். சான்றிதழ் எண்ணை அவர்கள் அனுப்பிய தாளிலிருந்து நம்பாமல், சான்று வழங்கிய அமைப்பின் பொதுத் தேடல் பக்கத்தில் நாமே அடித்துப் பார்க்க வேண்டும். தாளில் இருக்கும் கியூஆரைக்கூட நான் ஸ்கேன் செய்வதில்லை, அது எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விடலாம்.

அசல் ஜிஓடிஎஸ் டேக் எப்படி இருக்கும் என்பதும் வாங்குகிறவர்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. முத்திரை மட்டும் இருந்தால் போதாது. ‘ஆர்கானிக்’ என்றோ ‘ஆர்கானிக் இழைகளால் ஆனது’ என்றோ எந்தப் படி என்று எழுதியிருக்க வேண்டும். முதலாவதற்குக் குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக் இழை, இரண்டாவதற்கு 70. கூடவே ஆய்வு செய்த அமைப்பின் பெயர், அதோடு அந்த லைசென்ஸ் நம்பர். என் வாடிக்கையாளர் கேட்டது அதைத்தான்.

இதற்குப் பிறகு ஓகோ-டெக்ஸ் பக்கம் போனேன். துணிகளைச் சோதித்து முத்திரை தரும் அமைப்பு, குழந்தைத் துணியில் அடிக்கடி பார்க்கிற பெயர். அவர்களுடைய ஸ்டாண்டர்டு 100 முத்திரை 1992லிருந்து இருக்கிறது. இங்கே கேள்வியே வேறு. பருத்தி ஆர்கானிக்கா என்று அந்த முத்திரை பார்ப்பதில்லை, சாயப்பட்டறைத் தண்ணீர் எங்கே போனது என்றும் பார்ப்பதில்லை. கையில் இருக்கிற பொருளில் உடம்புக்குக் கெடுதலான ரசாயனம் மிச்சம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் சோதிக்கிறார்கள், அவ்வளவுதான். குழந்தைக்கு அதுவும் முக்கியம், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த முத்திரையைப் பார்த்துவிட்டு ‘ஆற்றைக் காப்பாற்றுகிற துணி’ என்று விளம்பரம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முத்திரை அப்படி எதுவும் சொல்லவில்லை. தொழிற்சாலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் அதே அமைப்பின் ‘மேட் இன் கிரீன்’ என்ற வேறொரு முத்திரை இருக்கிறது.

ஸ்டாண்டர்டு 100ல் நான்கு வகுப்புகள். முதல் வகுப்பு மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கு, இரண்டாவது தோலோடு ஒட்டும் உடைகளுக்கு, மூன்றாவது தோலில் அதிகம் படாதவற்றுக்கு, நான்காவது திரைச்சீலை மாதிரியான வீட்டுத் துணிகளுக்கு. ஒரு வியாபாரி எனக்கு அனுப்பிய சான்றிதழில் எல்லாம் சரியாக இருந்தது, தேதி சரி, பெயர் சரி, எண்ணை அடித்தால் செல்லும் என்று வந்தது. ஆனால் வகுப்பு 2. பெரியவர்கள் உடைக்கானது. கண்ணையும் தோலையும் எரிக்கிற ரசாயனமான ஃபார்மால்டிஹைடை மட்டும் எடுத்துக்கொண்டால், முதல் வகுப்பில் அது கண்டறிய முடியாத அளவில், அதாவது ஒரு கிலோவுக்கு 16 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் 75 வரை போகலாம். இரண்டுக்கும் முத்திரை ஒன்றுதான், குழந்தைச் சட்டையில் தொங்கினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதனால் வகுப்பு என்ன என்று கேட்காமல் நான் இப்போது துணி வாங்குவதில்லை.

இந்த 16ஐ நான் மறக்க மாட்டேன், அதற்குக் காரணம் ஒரு யானைக்குட்டி.

வகுப்பு 1 துணியே கிடைத்தது. வெள்ளைத் துணி, நெஞ்சுப் பகுதியில் சாம்பல் நிறத்தில் சின்ன யானைக்குட்டி பிரிண்ட். பிரிண்டிங் வெளியில் ஒருவரிடம் கொடுத்தேன், நல்ல வேலைக்காரர், விளிம்பு கொஞ்சம்கூட கலங்காது. சட்டைகள் வந்ததும் மோந்து பார்த்தேன். வெள்ளைப் பகுதியில் ஒன்றும் இல்லை, யானை இருக்கும் இடத்தில் மூக்கை வைத்தால் மட்டும் கண் ஓரம் லேசாக எரிகிற மாதிரி ஒரு நெடி. புதுத் துணி வாசனைதானே என்று விட்டுவிடவும் தோன்றியது. முந்தைய அனுபவம் இருந்ததால் விடவில்லை, ஒரு சட்டையை ஆய்வகத்துக்கு அனுப்பி, வெறும் துணியையும் பிரிண்ட் பகுதியையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னேன். வெறும் துணியில் கண்டறியப்படவில்லை. பிரிண்ட் பகுதி 16ஐத் தாண்டியிருந்தது. 75க்குள்தான். பெரியவர் பனியன் என்றால் தேறியிருக்கும்.

பிரிண்டிங்காரரிடம் ரிப்போர்ட்டோடு போனேன். “அண்ணா, உங்க மேல குறை சொல்ல வரலை, இது எங்கேர்ந்து வருதுன்னு மட்டும் சொல்லுங்க” என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பிக்மென்ட் பிரிண்டில் நிறம் தானாகத் துணியில் பிடிக்காது, பைண்டர் என்ற பசையும் சில நேரம் ஃபிக்ஸரும் சேர்த்து ஒட்டவைப்பார்கள், அவற்றில் பல வகைகள் சூட்டில் வேகும்போது ஃபார்மால்டிஹைடை விடும் என்று விளக்கினார். பிரிண்ட் போட்ட பிறகு 150 டிகிரி வாக்கில் சில நிமிடம் கியூரிங் மெஷினில் போக வேண்டும். அவசரத்தில் பெல்ட்டை வேகமாக ஓட்டினால் பைண்டர் சரியாக வேகாது, மிச்சம் துணியிலேயே நிற்கும். அடுத்த முறை குறைந்த ஃபார்மால்டிஹைடு பைண்டர் வாங்கி, பெல்ட்டை மெதுவாக விட்டுச் செய்து கொடுத்தார். மறுபடி சோதித்ததில் கண்டறியப்படவில்லை. முதல் லாட்டை நான் விற்கவில்லை.

சான்று பெற்ற துணி என்பது துணியோடு நின்றுவிடுகிறது. ஸ்டாண்டர்டு 100 முத்திரை ஓர் உடைக்கு வேண்டும் என்றால் தையல் நூல், பட்டன், எலாஸ்டிக், பிரிண்ட், உள்ளே தைக்கிற லேபிள் வரைக்கும் எல்லாப் பாகமும் அதே வகுப்பில் தேற வேண்டும். பிரஸ் பட்டனில் நிக்கல் இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பார்கள். நான் பட்டன் வாங்கும்போது ஒருநாளும் அதைக் கேட்டதில்லை, நிறம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

மற்ற முத்திரைகளைப் பற்றியும் என்னிடம் கேட்கிறார்கள், தெரிந்தவரை சொல்கிறேன். ஓசிஎஸ் (ஆர்கானிக் கன்டென்ட் ஸ்டாண்டர்டு) என்று இருந்தால், ஆர்கானிக் இழை எத்தனை சதவீதம் என்று எடைக் கணக்கு மட்டும் பின்தொடர்ந்திருக்கிறார்கள். சாயத்தைப் பற்றி அது பேசாது. ‘ஆர்கானிக்’ என்ற சொல்லைப் பார்த்ததும் ஜிஓடிஎஸ் மாதிரிதான் என்று நினைத்துவிடக் கூடாது. மறுசுழற்சித் துணிக்கு ஆர்சிஎஸ் (ரீசைக்கிள்டு கிளெய்ம் ஸ்டாண்டர்டு), ஜிஆர்எஸ் (குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்டு) என்று இரண்டு. ஆர்சிஎஸ்ஸுக்கு 5 சதவீதம் மறுசுழற்சி இழை இருந்தாலே போதும், அதுவும் எடைக் கணக்குதான். ஜிஆர்எஸ் முத்திரை வாடிக்கையாளர் பார்க்கும் பொருளில் வர வேண்டுமென்றால் குறைந்தது 50 சதவீதம் வேண்டும், ரசாயனம், தொழிலாளர் நிலை இவற்றையும் பார்க்கிறார்கள். மாஸ் பேலன்ஸ், அதாவது பருத்தி ஒன்றோடொன்று கலந்துபோனாலும் அளவை மட்டும் கணக்கு வைக்கும் முறையில் வரும் பருத்தியும் உண்டு. அதில் நல்ல முறையில் விளைந்த பருத்திக்குப் பணம் போயிருக்கும், ஆனால் அந்தப் பருத்திதான் உங்கள் கையில் இருக்கும் சட்டையில் இருக்கிறது என்று உறுதி இல்லை. விவசாயிக்கு உதவுகிற முறைதான், அதை நான் மதிக்கிறேன். சட்டையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது உதவாது.

எண்ணும் இல்லை, அமைப்பின் பெயரும் இல்லை, வெறும் பச்சை இலை, ‘ஈகோ’, ‘இயற்கைக்கு உகந்தது’ என்று மட்டும் இருப்பவற்றைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், நானே அச்சடித்தேன். ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 2026 செப்டம்பர் 27 முதல் இந்த மாதிரி ஆதாரமில்லாத பொதுச் சொற்களையும், சான்றுத் திட்டமோ அரசு அமைப்போ பின்னால் இல்லாத முத்திரைகளையும் தடை செய்கிறது. அங்கே ஏற்றுமதி ஆகும் உடைகளின் டேக்குகள் மாறத் தொடங்கினால் மற்ற இடங்களிலும் கொஞ்சம் ஒழுங்கு வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

நான் இன்னும் ஜிஓடிஎஸ் சான்று வாங்கவில்லை. ஆய்வுச் செலவு என் அளவுக்குத் தாங்காது. ஏற்கெனவே சான்று உள்ள ஒரு சின்ன யூனிட்டில் என் டிசைனைக் கொடுத்துத் தைத்து, லேபிள் போட்டு வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறேன், அதில் என் பக்கத்துக்கு என்ன பதிவு வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். அதுவரை என் டேக்கில் முத்திரை எதுவும் கிடையாது. ‘100 சதவீதம் பருத்தி. தைத்த உடையின் பிரிண்ட் பகுதியில் ஃபார்மால்டிஹைடு சோதிக்கப்பட்டது, கண்டறியப்படவில்லை, ரிப்போர்ட் கேட்டால் அனுப்புகிறோம்’ என்று ரிப்போர்ட் தேதியோடு இருக்கிறது. டேக் பார்க்க முன்னைவிட வெறிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் யார் எதைக் கேட்டாலும் ஒரு தாளை எடுத்து நீட்ட முடிகிறது.

ரோல்கள் இப்போது தனித்தனி அலமாரியில். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டையைக் கட்டி, வியாபாரி, பில் நம்பர், வந்த எடை, வெட்டிய எடை, எந்த மாடல் என்று எழுதுகிறேன். துண்டு விழுந்ததைக்கூட எடை போடுகிறேன். அந்த அட்டையிலேயே சான்றிதழ் முடியும் தேதியையும் சிவப்பில் எழுதி வைக்கிறேன், ஸ்டாண்டர்டு 100 ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். போன வாரம் வெளிர் மஞ்சள் ரோல் ஒன்று வந்தது. கூட வந்த சான்றிதழில் வகுப்பு 1 என்றிருக்கிறது, ஆனால் பொருள் விவரத்தில் ‘வெள்ளை’ என்று மட்டும்தான் இருக்கிறது, சாயம் போட்ட துணி என்று எங்கேயும் இல்லை. கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரும் வரை அந்த ரோலில் கத்தரி படாது.